தாமரை இலையும் பிளாட்டினமும்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளைத் தாங்கி நிற்கும் கடல்நீரில் ஒரு டன்னை எடுத்து, அதிலுள்ள டியூட்டீரியம் முழுவதையும் பிரித்துக் கனநீராக மாற்ற முடிந்தாலும் கிடைப்பது ஏறக்குறைய 170 கிராம்தான். டியூட்டீரியம் என்பது கருவில் ஒரு நியூட்ரானைக் கூடுதலாகச் சுமக்கும் ஹைட்ரஜன். இயற்கை நீரில் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவிலேயே அது காணப்படுகிறது. இதே கரையில் தெற்கே கல்பாக்கத்தில் 1980களில் இயங்கத் தொடங்கிய இரு அணுமின் உலைகளும் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கக் கனநீரையே நம்பியிருப்பதால், இந்த அற்ப அளவைத் திரட்டுவது பெருந்தொழிலாயிற்று.

அதைத் திரட்டும் ஒரு வழி இது: ஹைட்ரஜன் வாயுவும் நீரும் அணுக்களை மாற்றிக்கொள்ளும்போது, டியூட்டீரியம் வாயுவை விட்டு நீரிலேயே தங்க முனைகிறது. அறை வெப்பநிலையில் நீரில் அதன் செறிவு வாயுவில் உள்ளதைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல் இருக்கும். ஆயினும் வினையைத் தூண்டும் வினையூக்கி இல்லாவிட்டால் இப்பரிமாற்றம் நடைபெறாது என்றே சொல்லலாம். பிளாட்டினம் அதற்கு ஏற்றதுதான். ஆனால் நனைந்தவுடன் அதன்மேல் படியும் நீர்ப்படலத்தில் ஹைட்ரஜன் மிகச் சொற்பமாகவே கரைவதால், வாயு உலோகத்தைச் சென்றடைய முடியாமல் வினையூக்கி மூழ்கிப்போகிறது. நீரில்லாமல் வினை இல்லை, நீர் பட்டாலும் வினை இல்லை என்ற இந்த இக்கட்டைத் தவிர்க்கவே தூத்துக்குடியில் 1978இல் தொடங்கப்பட்ட கனநீர் ஆலை நீரை விட்டு அம்மோனியாவை நாடியது எனலாம். பக்கத்து உர ஆலையின் வாயுவிலிருந்து டியூட்டீரியத்தை ஈர்க்க, திரவ அம்மோனியாவில் கரைந்த பொட்டாசியம் அமைடு அங்கே வினையூக்கியாயிற்று. அதுவோ ஈரம் பட்டால் சிதையும். உர ஆலை நின்றால் கனநீர் ஆலையும் நிற்க வேண்டியிருந்தது.

இக்கட்டை நேராகவே அவிழ்த்தவர், 1970களின் தொடக்கத்தில் கனடாவின் சாக் ரிவர் ஆய்வகத்தில் பணியாற்றிய டபிள்யூ. எச். ஸ்டீவன்ஸ். பிளாட்டினத் துகள்களுக்கு சிலிக்கோன், டெஃப்லான் போன்ற நீர் ஒட்டாப் பொருளால் போர்வையிட்டால், தாமரை இலைமேல் தண்ணீர் போலத் துளிகள் உருண்டோட, நீராவியும் ஹைட்ரஜனும் மட்டும் நுண்துளைகள் வழியே உலோகத்தைத் தொட்டு அணுக்களை மாற்றிக்கொள்கின்றன. டியூட்டீரியம் ஏறிய நீராவி, அருகில் வேண்டுமென்றே நனையும்படி அடுக்கப்பட்ட நிரப்பிகளில் வழியும் நீருக்கு அதைக் கையளிக்கிறது. ஒட்டாததும் ஒட்டுவதும் ஒரே கோபுரத்துக்குள் கலந்து கிடந்தால்தான் வேலை நடக்கும் என்பதே இதன் நுட்பம்.

விலையுயர்ந்த பிளாட்டினத்தைப் பெருமளவில் கேட்பதால், இம்முறை கனநீர் உற்பத்தியை விடக் கனநீரைத் தூய்மைப்படுத்துவதில்தான் நிலைபெற்றது. உலையில் நியூட்ரான்களை உட்கொள்ளும் கனநீரில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சேர்கிறது, 12.3 ஆண்டுகளில் பாதியாகக் குறையும் அதனை நீக்கத் தென் கொரியாவின் வோல்சோங் அணுமின் நிலையம் இத்தகைய நீர் ஒட்டா வினையூக்கியையே பயன்படுத்துகிறது.