மின்மினியின் காதல் மொழி

கோலசிலாங்கூர், கம்போங் குவாந்தான். இருட்டியதும் சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னத் தொடங்கும். ஆண் வண்டுகள் துணையைத் தேடி விடுக்கும் அழைப்பு அது. பெண் வண்டும் ஒளியாலேயே பதில் சொல்லும்.

மின்மினியைக் காதலோடு சேர்த்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதல்ல. அகநானூற்றின் குறிஞ்சிப் பாடல் ஒன்றில், நள்ளிரவு மழையில் கரடி புற்றைக் கிளறுகிறது. புற்றை மொய்த்த மின்மினிகள் தீப்பொறியாய்ச் சிதற, இரும்படிக்கும் கொல்லனைப் போலத் தெரிகிறது கரடி! அந்தக் காட்டு வழியில்தான் தலைவன் கையில் வேலோடு, தனியாகத் தலைவியைக் காண வருகிறான்.

இரவில் சந்திப்பதை இரவுக்குறி என்று அழகாக வகுத்தது தமிழ் இலக்கணம். காதலர் பெயரை அகப்பாடல்கள் சொல்வதில்லை; மலையும் மழையும் விலங்கும் பூச்சியுமே அவர்களின் ஏக்கத்தையும் அச்சத்தையும் உணர்த்துகின்றன.

புக்கிட் ரோத்தான், ஈஜோக் நேயர்களே, பக்கத்திலேயே இருக்கும் இந்த மின்மினி அழகை நிலவில்லாத இரவில் சென்று பாருங்கள். கைவிளக்கும் கேமரா வெளிச்சமும் வேண்டாம். அவை மின்மினிகளின் ஒளிப் பேச்சைக் குலைத்துவிடும்.