வீட்டுத் தோட்டத்திற்கு விளக்கு அமைக்கும்போது வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் வட்டாரத்தில் நம்மில் பலருக்கு முன்புறம் கடை, பின்புறம் வீடு, ஓரத்தில் முருங்கையும் வாழையுமாகச் சிறு தோட்டம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் ஆலைகள் பெருகின. தோட்டத்தின் ஒரு பகுதியில் வரிசை வீடு கட்டி வாடகைக்கு விட்டவர்களும் பலர். ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வருவோர் அந்தத் தோட்டத்தைக் கடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே தோட்ட விளக்கு நமக்கு அலங்காரம் அன்று, பாதுகாப்பு. ஆனால் முறை தவறி அமைத்தால் அதுவே ஆபத்தாகிவிடும்.

எங்கே, எவ்வளவு?

தோட்டம் முழுவதற்கும் ஒரே பெரிய போகஸ் லைட் போடுவது வழக்கமாக உள்ளது. அதன் எதிரே வருபவருக்குக் கண் கூசும். மரத்தின் பின்னால் இருள் அப்படியே இருக்கும். கேட், படிக்கட்டு, கிணற்றடி, கழிப்பறைக்குப் போகும் வழி ஆகிய இடங்களில் சிறிய விளக்குகளைக் கீழ்நோக்கிப் பொருத்துவதே நல்லது. சிங்கப்பெருமாள்கோயில் சாலை போன்ற போக்குவரத்து மிகுந்த சாலையை ஒட்டி இருப்பவர்கள், வெளிச்சம் ஓட்டுநர் கண்ணில் படாதபடி திருப்பி வைக்க வேண்டும்.

செலவையும் பார்ப்போம். 150 வாட் ஹாலஜன் விளக்கு இரவில் 12 மணி நேரம் எரிந்தால், 60 நாளில் 108 யூனிட் ஆகும். ஏறத்தாழ அதே வெளிச்சம் தரும் 20 வாட் எல்.இ.டி. விளக்குக்கு 14.4 யூனிட் போதும்.

வெள்ளை ஒளியைவிட மஞ்சள் ஒளிக்குப் பூச்சிகள் குறைவாக வரும். திறந்த மூட்டைகளில் அரிசியும் வெல்லமும் வைத்திருக்கும் நமக்கு இது முக்கியம். பெட்டியில் 3000 கெல்வின் அல்லது அதற்குக் குறைவாக எழுதியிருப்பதை வாங்குக. கடை வாசலுக்கு நேர் மேலே பொருத்தாமல் சற்றுத் தள்ளிப் பொருத்துக.

மழைக்குத் தாங்குமா?

வெளிவிளக்கின் பெட்டியில் ஐ.பி. என்ற எண் இருக்கும். முதல் இலக்கம் தூசியையும் இரண்டாம் இலக்கம் நீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும். 44 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். கூரைக்கு அடியில் போதும். திறந்த வெளிக்கு 65 வேண்டும். 2015 டிசம்பர் பெருமழையில் செம்பரம்பாக்கத்தில் 24 மணி நேரத்தில் 47 செ.மீ. பெய்ததை நாம் மறக்க முடியாது. தண்ணீர் தேங்கும் இடத்தில் தரையோடு விளக்கைப் பதிக்காமல் சுவரில் உயரமாக வைப்பதே சரி.

உயிர் காக்கும் கருவி

எம்.சி.பி. இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறோம். ஷார்ட் சர்க்யூட், அதிக லோடு ஆகியவற்றுக்குத்தான் அது விழும். ஈரக்கம்பத்தைத் தொட்டவர் உடல் வழியே கசியும் சிறு மின்சாரத்துக்கு அது விழாது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தேவை. அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். இரும்புக் கம்பத்துக்கு எர்த் கட்டாயம். ஒயரைத் துணி காயப்போடும் கம்பியிலோ முள்வேலியிலோ கட்டவே கூடாது. இணைப்புகளுக்கு டேப் மட்டும் சுற்றி விடாமல், நீர் புகாத பெட்டிக்குள் வைக்கவும். வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

எந்த மீட்டரில்?

தோட்ட விளக்கு வீட்டு மீட்டரில் இருக்கலாம். அந்த ஒயரிலிருந்தே கடையின் பெயர்ப் பலகைக்கும் பிரிட்ஜுக்கும் இழுத்தால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் சிக்கலாம். உரிய கட்டணத்தைப் போல் இருமடங்கு விதிக்கப்படும். எவ்வளவு காலம் நடந்தது என்று தெரியாவிட்டால் 12 மாதங்களுக்குக் கணக்கிடுவார்கள். சிறு கடைக்கு இது தாங்காது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை என்பது நம் வழக்கு. புரட்டாசி முடிவதற்குள் ஒயரிங்கைச் சோதித்து, ஆர்.சி.சி.பி. இல்லாதவர்கள் பொருத்திக்கொள்ளுமாறு வணிக அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நம் குழந்தைகளும் குடியிருப்போரும் வாடிக்கையாளர்களும் நடமாடும் இடம் அது.