ஆணா, பெண்ணா? விடைக்கு அவசரம் வேண்டா

குழந்தை பிறந்ததும் உறவினர் கேட்கும் முதல் கேள்வி, 'ஆணா, பெண்ணா?' என்பதே. மிகச் சில குழந்தைகளுக்குப் பிறப்புறுப்பின் தோற்றத்தைக் கொண்டு உடனே விடை கூற இயலாது. குரோமோசோம், ஹார்மோன், உள்ளுறுப்பு ஆகியவற்றின் வளர்ச்சியில் அமையும் வேறுபாடே காரணம். இவர்களை ஊடுபால் குழந்தைகள் என்கிறோம். இது பெற்றோரின் பிழையன்று. கிரகணத்தால் நேர்ந்ததும் அன்று.

கைக்குழந்தைப் பருவத்திலேயே அறுவை சிகிச்சை செய்து, ஆண் அல்லது பெண் தோற்றத்தை அமைத்துவிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதனால் பின்னாளில் உணர்விழப்பும் தழும்பும், சிலருக்கு மகப்பேற்றுத் திறன் இழப்பும் நேரக்கூடும். வளர்ந்த பிள்ளை தன்னை வேறு பாலினமாக உணர்ந்தால், அகற்றியதை மீட்க வழியில்லை.

தமிழ்நாட்டின் ஆணை

2019 ஏப்ரல் 22 அன்று, சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன், ஒரு திருநங்கையின் திருமணப் பதிவு குறித்த வழக்கில் தீர்ப்பளித்தார். பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்று அதில் கூறி, இவ்வகை அறுவைகளைத் தடை செய்யுமாறு அரசைப் பணித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அதற்கான ஆணையை வெளியிட்டது. இந்தியாவில் இத்தடையை முதலில் கொணர்ந்தது தமிழ்நாடே. ஐரோப்பாவின் மால்டா 2015இலேயே இதற்குச் சட்டம் இயற்றியிருந்தது.

எது தடையன்று?

உயிருக்கு ஆபத்தான நிலையில் அறுவைக்குத் தடையில்லை. மருந்துச் சிகிச்சைக்கும் இவ்வாணை தடையன்று. அட்ரீனல் சுரப்பிக் குறைபாட்டின் ஒரு வகையில், பிறந்த சில வாரங்களுக்குள் உடலின் உப்புச்சத்து குறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். பால் குடிக்க மறுத்தல், தொடர் வாந்தி, சோர்வு ஆகியவற்றைக் கண்டால் ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். மருந்தைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தே.

அத்திப்பட்டு, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பிற மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்து வாழும் குடும்பங்கள் பல. சொந்த ஊரிலிருந்து, 'உடனே அறுவை செய்துவிடுங்கள்' என்று பெரியவர்கள் வற்புறுத்தலாம். அப்போது மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதைச் செய்யாவிடில் உயிருக்கு ஆபத்தா? தள்ளிப்போட்டால் என்ன தீங்கு? பின்னர் மாற்ற இயலாதது எது?

திருநர் சிறார்

ஊடுபால் என்பது உடலமைப்பு. திருநர் என்பது தன்னை உணரும் பாலினம். இரண்டும் ஒன்றல்ல. தன் பாலினத்தை வேறாக உணரும் பிள்ளையை 'மாற்ற' முயலும் சிகிச்சையைத் தடை செய்யுமாறு, 2021 ஜூன் 7 அன்று நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். அப்பிள்ளைக்கு வேண்டுவது மனநல ஆலோசகரின் துணையும் வீட்டின் அரவணைப்புமே.

பெயர் வைக்கவும் பதறவேண்டா. பிறப்பை 21 நாள்களுக்குள் பதிந்துவிட்டு, பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். குழந்தையின் உடல்நிலையை அண்டை வீட்டாருக்கு விளக்கும் கடமை உங்களுக்கு இல்லை. ஐயம் எழுந்தால் 104 மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள். குழந்தைக்குத் துன்புறுத்தல் நேர்ந்தால் 1098.