தண்ணியில்லாத ஆற்றுக்கு இத்தனை நீளப் பாலமா?

எங்கள் வேலூரைப் பற்றி ஒரு கேலிப் பேச்சு உண்டு. "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு" என்பார்கள். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். கேலியில் ஒன்று குறைந்தது. ஆறு?

அதற்குப் பதில் வேண்டுமானால் திருவலம் இரும்புப் பாலத்துக்குப் போகவேண்டும், சகோதரிகளே! காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டை போகும் வழியில், பொன்னையாற்றின் மேல் 1939-ல் கட்டிய பாலம். ராஜேந்திரா பாலம் என்று பெயர். சித்தூர்ப் பக்கமிருந்து வரும் பொன்னையாறு, திருவலத்தைத் தாண்டிப் போய்ப் பாலாற்றோடு கலக்கிறது.

கல்யாணமான புதிதில் பஸ் ஜன்னல் வழியாக எத்தனையோ தடவை பார்த்த பாலம்தான். வெகு நாளைக்கப்புறம் போன கோடையில் மகளோடு போனேன். கீழே மணலும் முள்செடியும்தான். "ஏம்மா, இந்த மணலுக்கா இவ்வளவு பெரிய பாலம்?" என்றாள்.

நியாயமான கேள்வி. ஆனால் பாலம் கட்டுகிறவர்கள் கோடையைப் பார்த்துக் கட்டுவதில்லை. வெள்ளத்தைப் பார்த்துத்தான் கட்டுகிறார்கள். 1903 நவம்பரில், மைசூர் சீமையில் ஏரிகள் உடைந்து பாலாற்றில் வந்த வெள்ளம் வாணியம்பாடியையே சூறையாடி ஏராளமான உயிர்களைக் கொண்டுபோயிற்று. அது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2021 நவம்பரில் பாலாறும் பொன்னையாறும் கரைபுரண்டன. அடுத்த மாதமே திருவலம் அருகே பொன்னையாற்று ரயில் பாலத்தின் தூணில் சேதம் தெரிந்து, பல ரயில்கள் ரத்தாயின. ஆறு தன் வழியை மறப்பதில்லை!

பாலத்தைப் பார்த்துவிட்டு வில்வநாதேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்தோம். சம்பந்தர் பாடிய தலம். இங்கே நந்தி சுவாமியைப் பார்க்காமல் எதிர்ப்புறம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். அபிஷேகத்துக்குக் காஞ்சனகிரியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த அர்ச்சகரை அசுரன் ஒருவன் தொல்லைப்படுத்த, காவலுக்குச் சிவன் நந்தியை அனுப்பினாராம். சுவாமி "நீ வா" என்று கூப்பிட்டதால் ஆறே வந்து நீவா நதி ஆயிற்றாம். பொன்னையாற்றின் இன்னொரு பெயர் அது. தண்ணீர் சுமப்பவருக்குக் காவலாக ஒரு சாமி! குடம் தூக்கிய நமக்கல்லவா அதன் அருமை தெரியும்?

ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டி, தெளியவிட்டு மொண்டு குடித்த காலத்தை என் மாமியார் இன்றும் சொல்வார். அப்போது தோலை ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்தினார்கள். பிறகு குரோம் உப்பு வந்தது. பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பும் கழிவோடு சேர்ந்து பூமிக்குள் இறங்கியது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கிணறுகள் கெட்டன. தோல் வேலைதான் இங்கே ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிய வைக்கிறது. ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர்! ஆனாலும் குடிக்கிற தண்ணீர் வேண்டாமா?

வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும் என்று சொல்லி, ஆற்றைக் கெடுத்த தோல் பதனிடும் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. நாடு முழுவதும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. 2025 ஜனவரியிலும் பாலாறு வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு நஷ்டஈடு கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடம் வசூலிக்கவேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது.

கோர்ட் தன் வேலையைச் செய்யட்டும். வீட்டில் நாம் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பும் குரோமியமும் போகாது. வெள்ளைத் துணியில் வடிகட்டினாலும் போகாது. கிணற்று நீரோ போர் நீரோ குடிப்பவர்கள், குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்வது நல்லது. முக்கியமாகக் கைக்குழந்தையும் கர்ப்பிணியும் உள்ள வீடுகளில்.

அப்புறம், ஆற்றில் குப்பையைக் கொட்ட யாராவது வந்தால், "தண்ணிதான் இல்லையே" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். மணலுக்கு அடியில் ஓடுவதும் ஆறுதான். அதைத்தான் நம் பிள்ளைகள் குடிக்கப்போகிறார்கள்.