பசங்க செல்போன்ல அனுப்புற புராஜெக்ட்டுக்கு மார்க் விழுவது எப்படி? பெற்றோர் கவனிக்க வேண்டியவை

சார்ட் அட்டையில் படம் ஒட்டி பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போன புராஜெக்ட், இப்போது பாதி செல்போன் வழியாகவே போய்விடுகிறது.

வாட்ஸ்-அப்பில் நோட்டு போட்டோ, கூகுள் பாரத்தில் டெஸ்ட், யூ-டியூப் லிங்க்கில் வீடியோ என்று பசங்க அனுப்பித் தள்ளுகிறார்கள்.

'சார், அனுப்பிட்டேன்' என்பான் பையன். 'எனக்கு வரலையேப்பா' என்பார் வாத்தியார். நடுவில் மார்க் காணாமல் போய்விடும். கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு, என்ன நடந்தது என்றே தெரியாது.

எவ்வளவு மார்க்?

இது சும்மா பொழுதுபோக்கு வேலை இல்லை. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. அதில் பருவத் தேர்வுக்கு 60 மார்க். மீதி 40 மார்க், வகுப்பில் செய்யும் செயல்பாடு, சின்னச் சின்ன டெஸ்ட்டுகளுக்கு. இதற்கு வளரறி மதிப்பீடு என்று பெயர்.

பிளஸ்-1, பிளஸ்-2வில் ஒவ்வொரு பாடத்துக்கும் 10 மார்க் இன்டர்னல் என்று 2017-ல் அறிவிக்கப்பட்டது. அதனால் 'புராஜெக்ட்தானே' என்று அலட்சியமாக விட முடியாது.

கொரோனா காலத்தில் நடந்தது

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் செல்போனுக்கும் கல்வி தொலைக்காட்சிக்கும் போனது.

அந்த ஆண்டு 10-ம் வகுப்பு பொதுத்தேர்வு ரத்து என்று ஜூன் 9-ந்தேதி அரசு அறிவித்தது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மார்க்கில் இருந்து 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்கு போட்டார்கள். ஊரடங்குக்கு முன்பு பள்ளிக்கூடத்தில் எழுதிய தேர்வுதான் கைகொடுத்தது.

கல்லூரியில் வேறு கூத்து. 2021 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் கேமரா கண்காணிப்போடு ஆன்லைன் செமஸ்டர் தேர்வு நடத்தியது. ரிசல்ட் வந்தபோது ஏராளமானோர் பெயில். பலருக்கு ரிசல்ட்டே வரவில்லை. நெட் கட்டானதையும், தலையைத் திருப்பியதையும் கம்ப்யூட்டர் தப்பாக எடுத்துக்கொண்டது என்று மாணவர்கள் கொதித்தார்கள். கடைசியில் மறுதேர்வு அறிவிக்கப்பட்டது.

கருவி மட்டும் மார்க் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு பாடம்.

கூகுள் பாரம் டெஸ்ட்

வாத்தியார் கேள்வியோடு சரியான விடையையும் முன்கூட்டியே ஏற்றி வைப்பார். பையன் விடையைத் தட்டியதும் கம்ப்யூட்டரே மார்க் போட்டுவிடும்.

நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கு இது சரி. டைப் அடிக்கும் கேள்வியில்தான் சிக்கல். ஏற்றி வைத்த விடையில் இருந்து ஓர் எழுத்து மாறினாலும் தப்பு என்று காட்டும். 'திருச்சி' என்று ஏற்றியிருந்து, பையன் 'திருச்சிராப்பள்ளி' என்று அடித்தால் மார்க் போச்சு.

அப்படிப்பட்ட விடையை வாத்தியார் திறந்து பார்த்து மார்க்கை மாற்ற முடியும். தயங்காமல் கேட்கலாம்.

லிங்க் அனுப்பியும் திறக்கலையா?

கூகுள் டிரைவில் போட்ட பைலை சாதாரணமாக, போட்டவர் மட்டுமே பார்க்க முடியும். லிங்க் வைத்திருப்பவர் யாரும் பார்க்கலாம் என்று மாற்றினால், அல்லது வாத்தியாரின் மெயில் முகவரியைச் சேர்த்தால்தான் அவருக்குத் திறக்கும். பல பசங்க 'அனுப்பிட்டேன்' என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான்.

வாட்ஸ்-அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும். பென்சிலில் எழுதிய கணக்கு மங்கலாகிவிடும். அதையே டாக்குமெண்ட்டாக அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும்.

யார் செய்த வேலை?

ஐந்து பேர் சேர்ந்து செய்யும் புராஜெக்ட்டில் ஒருத்தர் மட்டும் உழைப்பதும், மற்றவர்கள் பேர் மட்டும் போட்டுக்கொள்வதும் வழக்கம். கூகுள் டாக்ஸில் ஆளுக்கு ஒரு கணக்கில் நுழைந்து எழுதினால், யார் எப்போது எதை எழுதினார்கள் என்று பழைய பதிவுகளைத் திறந்து பார்க்க முடியும்.

ஒரே போனில் எல்லோரும் எழுதினால் இது தெரியாது. அப்போது வாய்க்கேள்விதான் வழி. 'நீ எழுதின இந்த வரிக்கு என்னப்பா அர்த்தம்?' என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் விஷயம் வெளியே வந்துவிடும்.

2022 நவம்பரில் சாட்-ஜிபிடி வந்த பிறகு கட்டுரையையே அது எழுதிக் கொடுக்கிறது. இதைக் கண்டுபிடிக்க அதே நிறுவனம் ஒரு கருவியை விட்டது. சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று 2023 ஜூலையில் அந்த நிறுவனமே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதனால் கருவி சொன்னதை மட்டும் வைத்து ஒரு பிள்ளையைத் திருடன் ஆக்குவது நியாயம் இல்லை. இங்கேயும் வாய்க்கேள்விதான் உதவும்.

ஒரே போன் உள்ள வீடு

வீட்டில் ஒரே போன். அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய், ராத்திரிதான் திரும்பும். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு 'மாலை 5 மணிக்குள் அனுப்பு' என்றால் எங்கே போகும்?

எடிட்டிங், பாட்டு, கலர் எழுத்து போட்ட வீடியோவுக்கு கூடுதல் மார்க் போட்டால், அது நல்ல போன் வைத்திருப்பவனுக்குப் போட்ட மார்க். பாடம் புரிந்திருக்கிறதா, சொந்தமாகச் செய்ததா, தெளிவாகச் சொல்லியிருக்கிறதா என்று எதற்கு எத்தனை மார்க் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சண்டை வராது. நோட்டில் எழுதிக் கொடுப்பதற்கும் அதே மார்க் உண்டு என்று சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

பெற்றோர் கவனத்துக்கு

* போனை வேலைக்கு எடுத்துப் போகிறவர்கள் அதை முதலிலேயே வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

* அனுப்பியதை அழிக்க வேண்டாம். தேதி, நேரம் தெரிய ஸ்கிரீன் ஷாட் எடுத்து வையுங்கள். நோட்டையும் பத்திரமாக வையுங்கள்.

* பிள்ளை பேசும் வீடியோவை யூ-டியூப்பில் எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டாம். லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும் வசதி இருக்கிறது. அந்த லிங்க்கும் கைமாறினால் யாரும் பார்க்கலாம், ஜாக்கிரதை. பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஆசிரியருக்கு நேரடியாக அனுப்புவதே நல்லது.

* எல்லோருடைய மார்க்கையும் குரூப்பில் போட்டால், தனியாகச் சொல்லும்படி கேளுங்கள்.

* மார்க் குறைந்தால் 'ஏன் குறைஞ்சது?' என்று கேளுங்கள். எங்கே தப்பு என்று சொல்லாத மார்க்கால் பிள்ளைக்குப் பயன் இல்லை.

பள்ளிக்கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417 என்ற எண்ணில் பேசலாம். ஆன்லைனில் பண மோசடி நடந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம். குழந்தைகளுக்கு வேறு தொந்தரவு என்றால் 1098.