கடல் மீது வழி தவறும் விமானங்கள்

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,370 கிலோமீட்டர். இடைப்பட்டது கடலே. செல்லும் திசையில் ஒரு பாகை பிழை நேர்ந்து, அது திருத்தப்படாவிடில், ஆகாய விமானம் முடிவில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் விலகிவிடும். நடுக்கடலில் தரை ரேடார் எட்டாது; கீழே அடையாளமும் இராது. விலகல் சிறுகச் சிறுக வளர்வதால் விமானி அதனை எளிதில் உணர்வதில்லை.

1983 செப்டம்பர் 1-ஆம் நாள் கொரிய விமானம் 007 இவ்வாறே தடம் மாறி, சோவியத் எல்லையுட் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். தானியங்கிச் செலுத்தி, வழிகாட்டும் கருவியுடன் இணையாமல், ஒரே காந்தத் திசையில் விமானத்தைச் செலுத்தியதே காரணமெனச் சர்வதேச விசாரணை 1993-இல் கண்டது. விமானிகள் அதனைக் கவனிக்கவில்லை.

இன்று செயற்கைக்கோள்கள் இடத்தைக் காட்டுகின்றன. ஆயினும், கருவி காட்டும் இடத்தையும் வகுத்த பாதையையும் அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்த்தல் மனிதனின் கடமையாகவே உள்ளது.