பெயர்களை எழுதி வைத்த கற்பிட்டிக்காரர்

கற்பிட்டி என்றால் கொழும்புக்காரர் இன்று கேட்பது டொல்பினை; அதை விட்டால் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்குவதை. 1807இல் இங்கே பிறந்த சைமன் காசிச்செட்டியை விசாரிப்பவர் அபூர்வம். இலங்கைக்குப் பல்கலைக்கழகம் வர இன்னும் நூறாண்டுக்கு மேல் கிடந்த காலத்தில், ஒரு துறையே கூடிச் செய்ய வேண்டிய வேலையைத் தனியாளாகச் செய்தவர்.

1834இல் கோட்டே மிஷன் அச்சகத்தில் அவருடைய ‘சிலோன் கெசட்டியர்’ வெளிவந்தபோது வயது 27. ஊர்கள், துறைமுகங்கள், ஆறுகள், குளங்கள் அகர வரிசையில். கூடவே விளைச்சல், வணிகம், சமயம், வழக்கங்கள். புத்தளம் பக்கம் மணியகாரராக இருந்தவர் அவர். காணி, வரி, வழக்கு என்று சனம் வந்து நிற்கும் இடம் அது. தன் ஊர்ப் பெயரை ஊரவன் எப்படி உச்சரிக்கிறான் என்பது தினமும் காதில் விழுந்திருக்கும். மேசையில் இருந்தே எழுதிய வெள்ளைக்காரருக்கு அந்த வசதி இல்லை.

பிறகு முதலியார் பதவி, 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதித்துவம், சிலாபத்தில் நீதிபதி வேலை. இடையில் 1841இல் ‘உதயாதித்தன்’ என்ற இதழ். சாவதற்கு முந்தின ஆண்டு, 1859இல், யாழ்ப்பாணத்தில் அச்சான ‘தமிழ் புளூட்டார்க்’ தமிழ்ப் புலவர்களின் வரலாறு. தலைப்பில் இருக்கும் புளூட்டார்க் பெரியோர் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய கிரேக்கர். என் ஊர் கைரோனியா சின்னது, நானும் போய்விட்டால் இன்னும் சின்னதாகிவிடும் என்று அங்கேயே தங்கியவர். படித்ததும் பேருந்து ஏறிவிடும் நம் பிள்ளைகளுக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கும்.

ஆங்கிலத்தில் எழுதினார், ஆள்வோருக்காக எழுதினார், கர்ணபரம்பரைக் கதையையும் வரலாற்றோடு கலந்தார் என்று குறை சொல்வோர் உண்டு. சொல்லட்டும். 1886இல் சதாசிவம்பிள்ளை தமிழில் ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதியபோது அவருக்குத் துணைக்கு இருந்தது ஆங்கிலத்தில் வந்த ‘தமிழ் புளூட்டார்க்’தான்.

என் கவலை வேறு. கற்பிட்டிக் களப்பில் வலை விடும் இடங்கள், வாடி அடிக்கும் முனைகள், மணல் திட்டுகள் என்று ஒவ்வொன்றுக்கும் சம்மாட்டிமார் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அச்சில் ஏறியவை கொஞ்சம். கரையில் விடுதி எழும்பினால் அதன் ஆங்கிலப் பலகையே அந்த இடத்துக்குப் பெயராகிறது. கைபேசி வரைபடமும் அதையே காட்டுகிறது. முச்சக்கர வண்டிக்காரரிடமும் அதைச் சொன்னால்தான் வேலை நடக்கிறது. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இந்தக் குடாநாட்டுக்கு வந்த முஸ்லிம்கள் பறிகொடுத்த ஊர்களின் ஒழுங்கை, கிணறு, துறைப் பெயர்களையும் மனதில் சுமந்து வந்தார்கள். அவையும் இப்போது மூத்தவர்களின் வாயில்தான் இருக்கின்றன. ஒரு மையத்து எழும்பும்போது எத்தனை பெயர்கள் கூடப் போகின்றன என்று யாரும் எண்ணுவதில்லை.

இதற்கு ஆய்வு நிதியும் கருத்தரங்கும் வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு கொப்பி கொடுத்து, வீட்டுப் பெரியவர் சொல்லும் இடப் பெயர்களைச் சொன்னபடியே எழுதி வரச் சொன்னால் போதும். முதலில் இந்தக் குடாநாட்டின் ஆலங்குடாவுக்கு அனுப்புங்கள். விடுதிப் பலகைகள் அங்கேதான் வேகமாக ஏறுகின்றன.